கண்ணும் காதும் இல்லாத கணினிக்கு ஓர் அனுமதி

நவம்பர் 4

மதிப்பிற்குரிய தேர்வுக் கண்காணிப்பாளர் ஐயா அவர்களுக்கு,

வணக்கம். நடந்ததை நடந்தபடியே எழுதுவது என்று முடிவு செய்துகொண்டுதான் இந்தக் கடிதத்தைத் தொடங்குகிறேன். எனக்கு உதவுவதை மட்டும் எழுதி, உதவாததை விட்டுவிட்டால் அது விளம்பரம் ஆகிவிடும், விண்ணப்பம் ஆகாது.

நான் பத்தாம் வகுப்பு மாணவி. வரும் பொதுத்தேர்வை மடிக்கணினியில் எழுத அனுமதி கேட்டிருந்தேன். தாங்கள் இரண்டு வரியில் மறுத்துவிட்டீர்கள். முதலில் அந்த இரண்டு வரிக்கு நன்றி. அலுவலகங்கள் மறுக்கும்போது காரணம் சொல்வது அபூர்வம் என்று எங்கள் தலைமையாசிரியை சொன்னார். தாங்கள் சொல்லியிருக்கிறீர்கள்: "பார்க்கவும் கேட்கவும் வெளியே தொடர்புகொள்ளவும் கூடிய எந்தக் கருவிக்கும் தேர்வறைக்குள் இடமில்லை." நல்ல வாக்கியம். இதில் எந்தச் சொல்லை எடுத்தாலும் வாக்கியம் நொண்டும்.

என் விரல் மூட்டுகளில் சிறுவயதிலிருந்தே வீக்கம் உண்டு. மூட்டுவாதம் பெரியவர்களுக்கு மட்டும் வருவதில்லை என்பதை என் மூலமாகத்தான் எங்கள் குடும்பம் தெரிந்துகொண்டது. காலையில் சட்டைப் பொத்தானைப் போட அம்மா வேண்டும். பேனா பிடித்தால் ஒரு பக்கம் முடிவதற்குள் கட்டைவிரல் எரியத் தொடங்கிவிடும். விசைகளைத் தட்டும்போது அப்படி இல்லை. வேலையைப் பத்து விரல்களும் பங்கு போட்டுக்கொள்கின்றன.

மடிக்கணினி என் அத்தையுடையது. அவர் துணிக்கிடங்கு ஒன்றில் கணக்கு எழுதுகிறார். அங்கே வேண்டாம் என்று ஒதுக்கியதைக் கேட்டு வாங்கி வந்தார். கேமராவின் மேல் கறுப்பு நாடா ஒட்டிவிடுகிறேன். வைஃபையை அணைத்து வைக்கிறேன். தயவுசெய்து மறுபடி யோசிக்க வேண்டுகிறேன்.

பணிவுடன்,
பத்தாம் வகுப்பு மாணவி


நவம்பர் 12

விண்ணப்பதாரருக்கு,

கடிதம் கிடைத்தது.

கறுப்பு நாடாவை நகத்தால் உரித்துவிடலாம். "அணைத்து வைக்கிறேன்" என்பது ஒரு வாக்குறுதி. வாக்குறுதியைச் சோதித்துப் பார்க்க அலுவலகத்தில் கருவி எதுவும் இல்லை.

நீங்கள் சொல்லச் சொல்ல எழுதுவதற்குத் துணை எழுத்தர் ஒருவர் தரப்படுவார். கூடுதல் நேரமும் உண்டு. இத்துடன் இந்த விஷயம் முடிக்கப்படுகிறது.

கண்காணிப்பாளர்

பி.கு.: நான் ஐயா அல்ல.


நவம்பர் 19

மதிப்பிற்குரிய கண்காணிப்பாளர் அம்மா அவர்களுக்கு,

முதலில் மன்னிப்பு. கையெழுத்துக்குக் கீழே பதவி மட்டும் இருந்ததால் நானாகவே ஒரு மீசையை வைத்துவிட்டேன். "பொம்பளைங்க யாரும் கண்காணிப்பாளர் ஆக மாட்டாங்கன்னு நீயே நினைச்சா ஊரு என்னடி நினைக்கும்?" என்று அம்மா கேட்டார். அம்மா தையற்கடையில் வேலை செய்கிறார். குத்தல் பேச்சும் அவருக்குக் கைவந்த தொழில்தான்.

விஷயத்தை முடித்துவிட்டதாக எழுதியிருந்தீர்கள். ஆனாலும் பின்குறிப்பு போட்டிருந்தீர்கள். அந்தப் பின்குறிப்பின் இடுக்கில் கையை வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

துணை எழுத்தரைப் பற்றி. காலாண்டுத் தேர்வில் எனக்காக எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுதினாள். தங்கமான பெண், கையெழுத்தும் முத்து முத்தாக இருக்கும். ஆனால் நான் "ஆகவே" என்று சொன்ன இடத்தில் எல்லாம் அம்புக்குறி போட்டுவிட்டாள். கட்டுரையின் கடைசிப் பத்தியை நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, "அக்கா, இதைத்தானே மேலயும் சொன்னீங்க?" என்று கேட்டு, "மேலே காண்க" என்று எழுதி முடித்தாள். அவள் மேல் எனக்குக் கோபமே இல்லை; மூன்று மணி நேரம் எனக்காகக் கை வலிக்க எழுதியவள். ஆனால் அந்தத் தாளைத் திரும்ப வாங்கிப் பார்த்தபோது, அதில் என் அறிவு இருந்தது, நான் இல்லை. எனக்கு வாக்கியங்களை அடித்து அடித்துத் திருத்தினால்தான் யோசிக்கவே வரும். இன்னொருவர் கையை வைத்துக்கொண்டு எப்படித் திருத்துவது?

இனி நாடா. நீங்கள் சொன்னது சரி. ஆகவே (அம்புக்குறி அல்ல) நாடாவைக் கைவிட்டுவிட்டேன்.

எங்கள் கணினி ஆசிரியரைப் "பொறுமை சார்" என்போம். எதைக் கேட்டாலும் முதல் பதில் "பொறுமை" என்றுதான் வரும். இந்தத் தடவை, "பொறுமை. எனக்கு இது அரைகுறையாத்தான் தெரியும்மா. படிச்சுட்டு வந்து எனக்கும் சொல்லு" என்று ஒரு தடித்த புத்தகத்தைக் கொடுத்தார். படித்ததை எளிமையாகச் சொல்லப் பார்க்கிறேன்.

கணினியின் இயங்குதளத்துக்கு நடுவில் கெர்னல் என்று ஒன்று இருக்கிறது. வீட்டின் மூத்த மருமகள் மாதிரி, எல்லாப் பொருளையும் வேலை வாங்குவது அதுதான். ஆனால் கேமராவிடம் எப்படிப் பேசுவது, வைஃபையிடம் எப்படிப் பேசுவது என்பதெல்லாம் அதற்கே தெரியாது. ஒவ்வொன்றுக்கும் மாட்யூல் எனப்படும் ஒரு சிறு நிரல் தனியாக இருக்கிறது. கணினி கண் விழிக்கும்போது, "இங்கே ஒரு கேமரா இருக்கிறதே" என்று பார்த்து, அதற்கான மாட்யூலைக் கெர்னல் உள்ளே அழைத்துக்கொள்கிறது. இன்னின்ன மாட்யூல்களை அழைக்காதே என்று ஒரு கோப்பில் எழுதி வைத்துவிட்டால், கேமரா அதே இடத்தில் இருக்கும். ஆனால் அதனுடன் பேச ஆளிருக்காது.

பேச்சற்றுப் போன கேமரா, ஒட்டு வைத்த கேமராவைப் போல அல்ல. உரிப்பதற்கு அதில் நாடா இல்லை.

கேமரா, ஒலி, வைஃபை, ப்ளூடூத் நான்கையும் தடுத்து எழுதினேன். அணைத்துத் திரும்பப் போட்டேன். படம் எடுக்கும் செயலியைத் திறந்ததும், கேமரா எதுவும் இல்லை என்று அது சொன்னது. என் தம்பி திரைக்கு முன்னால் எல்லாக் கோணலும் காட்டிப் பார்த்தான். "ஏய், என்னைப் பாக்கவே மாட்டேங்குது" என்று கொஞ்சம் வருத்தப்பட்டுக்கூடப் போனான்.

உறுப்புகளையே கழற்றிவிடலாமே என்று கேட்பீர்கள். பழுதுபார்ப்பவரிடம் கேட்டேன். கேமரா திரைக்குள்ளே பதிந்திருக்கிறதாம், வைஃபை சில்லு பலகையோடு பற்றவைத்ததாம். "கழட்டலாம், ஆனா மறுபடி மாட்டித் தருவேன்னு சொல்ல மாட்டேன்" என்றார். அத்தையின் பொருள். மனம் வரவில்லை.

நன்றியுடன்,
மாணவி


நவம்பர் 30

விண்ணப்பதாரருக்கு,

உங்கள் கடிதத்தை அலுவலக நேரத்தில் ஒரு முறையும், சாப்பாட்டு நேரத்தில் ஒரு முறையும் படித்தேன். இந்தப் பதிலை இரண்டாவது நேரத்தில் எழுதுகிறேன்.

எங்கள் அலுவலகக் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் தொழில்நுட்பரிடம் காட்டினேன். "பண்ணலாம் மேடம். ஆனா பத்தாங்கிளாஸ் பொண்ணா பண்ணிச்சு?" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அதற்காக மட்டும் அனுமதி தர முடியாது.

நீங்கள் நடந்ததை எழுதுவதால் நானும் எழுதுகிறேன். போன ஆண்டு ஒரு மாணவனுக்கு இதே அனுமதியைக் கொடுத்தேன். தேர்வின் நடுவில், அவன் கணினியின் கேமராவுக்கு மேல் ஒட்டியிருந்த நாடா ஒரு முனையில் பிரிந்து தொங்குவதை அறைக் கண்காணிப்பாளர் பார்த்தார். யாராவது பிரித்தார்களா, பசை காய்ந்து தானாகப் பிரிந்ததா? வினாத்தாளை அந்தக் கேமரா பார்த்ததா? விசாரணையில் என்னிடம் கேட்ட எல்லாவற்றுக்கும் "தெரியாது" என்றே சொன்னேன். வேறு உண்மை என்னிடம் இல்லை. தெரியாது என்பதால் அவன் தேர்வு ரத்தானது. அவன் எதுவும் செய்யாமலே இருந்திருக்கலாம். அதற்குப் பிறகு மடிக்கணினி கேட்டு வரும் யாருக்கும் நான் "சரி" என்று எழுதவில்லை.

ஆகவே எனக்குத் தெரிய வேண்டியவை மூன்று. அணைத்துப் போட்ட பிறகும் உங்கள் தடை நிற்குமா? நீங்கள் தடுத்ததை வேறு ஏதாவது ஒன்று உள்ளே அழைத்து வர முடியுமா? இந்தத் தடையை நீக்கக் கூடியவர் யார்?

தொழில்நுட்பரை உங்கள் பள்ளிக்கு அனுப்புகிறேன். அவர் பார்த்துச் சொல்லட்டும்.

கண்காணிப்பாளர்


டிசம்பர் 20

மதிப்பிற்குரிய அம்மா,

நீங்கள் அனுப்பிய அனுமதி ஆணை கிடைத்தது. கிடைத்த அன்று வீட்டில் நடந்ததை முதலில் எழுதிவிடுகிறேன், ஏனென்றால் அடுத்து எழுதப் போவது எனக்கே பிடிக்கவில்லை.

அப்பா லிஃப்ட் பழுதுபார்ப்பவர். எண்ணெய்க் கையைத் துடைக்காமல் ஆணையைத் தொடக் கூடாது என்று ஓரத்தில் நின்றுகொண்டே, என்னைச் சத்தமாகப் படிக்கச் சொன்னார். அம்மா அன்று என் விரல்களுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கும்போது ஏதோ பாட்டை முணுமுணுத்தார். அவர் பாடி நான் கேட்டது வெகுகாலத்துக்குப் பிறகு. உங்களுக்கு எல்லோருடைய நன்றியும்.

தொழில்நுட்பர் வந்ததைப் பற்றியும் சொல்ல வேண்டும். கணினியை அணைத்துப் போட்டார். கேமராவைத் தேடினார், இல்லை. வைஃபையைத் தேடினார், இல்லை. பாட்டு போட்டார், சத்தம் வரவில்லை. "ஊமையாக்கிட்டியேம்மா" என்று சொல்லிவிட்டு, மூலையில் இருந்த சின்ன விமானப் படத்தைப் பார்த்தார். தொடர்புகள் எல்லாம் அணைந்திருக்கின்றன என்பதற்கு அடையாளம் அது. ப்ளூடூத்தும் அணைந்திருக்கிறது என்றார். நானும் தலையாட்டினேன். கையெழுத்துப் போட்டார்.

அடுத்த சனிக்கிழமை கூடத்தில் உட்கார்ந்து பழைய வினாத்தாளுக்கு விடை தட்டிக்கொண்டிருந்தேன். அழிக்க எதுவும் இல்லாத இடத்தில் அழிக்கும் விசையை அழுத்தினால் கணினி ஒரு மணியோசை எழுப்பும். நான்தான் ஒலியைத் தடுத்துவிட்டேனே. ஆனால் மணி கேட்டது. சமையலறையிலிருந்து.

"யாருடா அது அடுப்படியில?" என்று அம்மா கேட்டார். யாரும் இல்லை. மறுபடி தப்பாகத் தட்டினேன். மறுபடி சமையலறையில் மணி. நான் தவறு செய்யும்போதெல்லாம் சமையலறை எச்சரித்தது. போய்ப் பார்த்தால் சர்க்கரை டப்பா பக்கத்தில் தம்பியின் கையடக்க ப்ளூடூத் ஸ்பீக்கர்.

என்ன நடந்தது என்று மூன்று நாள் புத்தகத்தோடு மல்லுக்கட்டிக் கண்டுபிடித்தேன். விமானப் படம் போட்ட விசை ஒன்று மேல் வரிசையில் இருக்கிறது. என் மணிக்கட்டு அதில் பட்டிருக்கிறது. ப்ளூடூத் விழித்துக்கொண்டு, முன்பே பழகிய ஸ்பீக்கரைத் தேடிப் பிடித்துவிட்டது. நான் தடுத்தது கணினிக்குள் இருக்கும் ஒலியைத்தான், ப்ளூடூத் வழியே போகும் ஒலிக்கு அது தேவையில்லை. தொழில்நுட்பரும் நானும் அணைந்திருப்பதைப் பார்த்துவிட்டு, இல்லை என்று நினைத்துவிட்டோம்.

அது எப்படி விழித்தது? நான் தடுத்தது ப்ளூடூத் என்று நேராகப் பெயர் வைத்திருக்கும் மாட்யூலை. அது எஜமானி. சில்லோடு பேசுகிற வேலைக்காரி ஒருத்தி வேறு பெயரில் இருக்கிறாள். அவளை நான் தடுக்கவில்லை. கெர்னல் அவளை அழைக்க, எஜமானி இல்லாமல் அவளுக்கு வேலை ஓடாது என்பதால், எஜமானியையும் கையோடு கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். நான் எழுதிய தடை, "நீயாகப் போய் அழைக்காதே" என்பது மட்டும்தான். "இன்னொருவர் கூட்டி வந்தால் கதவைச் சாத்து" என்று அது சொல்லவில்லை. உங்கள் இரண்டாவது கேள்வி இதையேதான் கேட்டது. நான்தான் அதைச் சரியாகப் படிக்கவில்லை.

தம்பி, "ஸ்பீக்கரை நான் ஒளிச்சு வச்சிடறேன். யாருக்குத் தெரியப் போகுது?" என்றான்.

அம்மா என் விரல்களைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "அவங்களே வந்து பாத்தாங்க, சரின்னு எழுதிக் குடுத்தாங்க. கேக்காத கேள்விக்கு நீ எதுக்குடி பதில் சொல்றே? பரீட்சையில நீ அதைத் தொடப் போறதில்லையே." திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். விரலைப் பிடித்துக்கொண்டு அல்லவா சொன்னார்.

அப்பா எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டார். பிறகு, "நான் ஒரு லிஃப்டுக்குச் சரின்னு கையெழுத்துப் போட்டுட்டு வெளிய வந்துட்டேன்னு வச்சுக்க. அப்புறம் கயித்துல ஒரு இழை பிரிஞ்சிருந்தது ஞாபகம் வருது. திரும்பிப் போய் நிறுத்திட்டுதான் வருவேன். எல்லாரும் திட்டுவாங்க. திட்டிக்கிட்டே படி ஏறிப் போவாங்க" என்றார். அம்மாவைப் பார்த்து, "ஏறிப் போறவங்க எல்லாரும் உயிரோட இருப்பாங்க" என்றும் சேர்த்துக்கொண்டார்.

ஆகவே எழுதிவிட்டேன். நீங்கள் கொடுத்த அனுமதி, கண்ணும் காதும் இல்லாத கணினிக்கு. என்னுடையதற்கு ஒரு காது மிச்சம் இருக்கிறது.

நன்றியுடனும் பயத்துடனும்,
மாணவி


ஜனவரி 3

விண்ணப்பதாரருக்கு,

அனுமதி நிறுத்தி வைக்கப்படுகிறது.

இதற்குக் கீழே எழுதியதைப் பலமுறை கிழித்துப் போட்டேன். "உங்கள் மேல் கோபம் இல்லை" என்று தொடங்கினேன். அது உண்மை இல்லை. கடிதம் வந்த அன்று உங்கள் மேல்தான் கோபம். ஓராண்டு யாருக்கும் கையெழுத்துப் போடாமல் இருந்து, துணிந்து ஒன்று போட்டேன். அதையும் நீங்களே திருப்பி அனுப்பிவிட்டீர்கள். தொழில்நுட்பரிடம் கடிதத்தைக் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை. "விமானப் படத்தைப் பாத்துட்டு விட்டுட்டேன் மேடம்" என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் கோபம் வேறு பக்கம் திரும்பியது. இத்தனை ஆண்டுகளில் இந்த அலுவலகத்துக்கு எத்தனையோ கடிதங்கள் வந்திருக்கின்றன. "நீங்கள் பார்க்கத் தவறிய ஒன்று என்னிடம் இருக்கிறது" என்று எழுதி வந்தது இது ஒன்றுதான். வேலையில் சேர்ந்ததிலிருந்து நான் ஏமாற்றுபவர்களைப் பிடிப்பதற்கான விதிகளையே எழுதிவந்திருக்கிறேன். உண்மை சொல்பவருக்குப் பதில் எழுத எந்த விதியில் தேடுவது என்று தெரியவில்லை.

தேர்வுக்கு இன்னும் நாள் இருக்கிறது. சரிசெய்யுங்கள். இந்தத் தடவை நானே வருகிறேன்.

மூன்றாவது கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை. கவனித்தேன்.

கண்காணிப்பாளர்


ஜனவரி 11

மதிப்பிற்குரிய அம்மா,

உங்கள் கோபத்தை மறைக்காமல் எழுதியதற்கு நன்றி. படித்துவிட்டு ஒரு மணி நேரம் அழுதேன். பிறகு பசித்தது. பிறகு வேலையைத் தொடங்கினேன்.

இரண்டாவது கேள்விக்கு இப்போது ஒழுங்கான பதில் இருக்கிறது. முன்பு "அழைக்காதே" என்று எழுதியிருந்த இடத்தில், "யார் அழைத்தாலும், எந்த வழியில் அழைத்தாலும், முடியாது என்ற பதிலை மட்டும் கொடு" என்று எழுதும் வேறொரு முறை இருக்கிறது. புத்தகத்தில் அது அடுத்த பக்கத்திலேயே இருந்தது. முதல் முறை வேலை செய்துவிட்ட மகிழ்ச்சியில் நான் பக்கத்தைத் திருப்பவே இல்லை. இப்போது வேலைக்காரி, எஜமானி, இருவருக்கும் அவர்களைச் சேர்ந்தவர்களுக்கும், கேமரா, ஒலி, வைஃபைக்கும் அப்படியே எழுதியிருக்கிறேன். கணினி விழிக்கும்போது முதன்முதலில் படிக்கும் தொகுப்பு ஒன்று உண்டு. அதையும் புதிதாகக் கட்டினேன், பழைய பழக்கத்தில் யாரையும் அது உள்ளே விட்டுவிடக் கூடாது என்பதற்காக. விமான விசையை எத்தனை தடவை அழுத்தினாலும் இப்போது சமையலறையில் அமைதி. தப்பு செய்தால் எனக்கு மட்டும்தான் தெரிகிறது.

பொறுமை சாருக்கும் சொல்லிக் கொடுத்தேன். பாதியிலேயே "சரி சரி, அடுத்தது என்ன?" என்று அவசரப்பட்டார்.

இனி மூன்றாவது கேள்வி. அதற்குப் பதில் எனக்கு முதல் நாளே தெரியும். நீங்கள் மறந்துவிட மாட்டீர்களா என்று நினைத்து விட்டுவிட்டேன். தடையை நீக்கக் கூடியவள் நான்தான். கணினியின் நிர்வாகக் கடவுச்சொல் என்னிடம் இருக்கிறது. அந்தக் கோப்பில் சில வரிகளை அழித்தால் எல்லாம் திரும்பி வந்துவிடும். நான் அப்படிச் செய்ய மாட்டேன். ஆனால் அது வாக்குறுதி. உங்களிடம் அதைச் சோதிக்கக் கருவி இல்லை என்று முன்பே எழுதிவிட்டீர்கள்.

ஆகவே ஒன்று தோன்றியது. சோதனை முடிந்ததும் அந்தக் கடவுச்சொல்லை நீங்களே மாற்றிவிடுங்கள். எனக்குச் சொல்ல வேண்டாம். இந்தத் தடை எட்டாத வேறு வழியில் கணினியை எழுப்ப விடும் அமைப்புப் பக்கத்துக்கும் ஒரு பூட்டு உண்டு. அதற்கும் நீங்களே போடுங்கள். நான் தட்டெழுதலாம், சேமிக்கலாம், கம்பி வழியாக அச்சடிக்கலாம். வேறொன்றும் முடியாது. தேர்வு முடிந்த பிறகு திறந்து கொடுத்தால் போதும்.

அத்தையிடம் தொலைபேசியில் கேட்டேன். அத்தை சொன்னது அப்படியே: "கணக்குப் பெட்டி சாவியை என் புருஷன்கிட்டயே நான் குடுத்ததில்ல. முன்ன பின்ன பாக்காத ஒருத்தங்ககிட்ட குடுக்கணுமா? சரி, உனக்காக. மறந்துடாம எங்கயாவது எழுதி வச்சுக்கச் சொல்லு அந்தம்மாவை." கொஞ்சம் நிறுத்தி, "இல்ல இல்ல, எழுதி வைக்க வேணாம்னு சொல்லு" என்றார்.

இரண்டில் எது என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

மாணவி


ஜனவரி 30

அன்புள்ள அச்சுப்பிழைக்கு,

வீட்டில் உங்களை அப்படித்தான் கூப்பிடுவார்கள் என்று உங்கள் அம்மா பள்ளியில் என்னிடம் சொன்னார். எங்கே அச்சுப்பிழை இருந்தாலும் உங்கள் கண்ணில் பட்டுவிடுமாம். நான் முன்பு அனுப்பிய அனுமதி ஆணையிலும் ஒன்று இருந்ததாமே. நீங்கள் அதை எழுதவில்லை. உங்கள் அம்மா சொல்லிவிட்டார்.

சோதனையைப் பற்றிய குறிப்பை முறைப்படி தனியாக எழுதிவிட்டேன். இது அதில் எழுத முடியாதது.

என் கைபேசி, என் கணவரின் காதொலிப்பான், உங்கள் தம்பியின் அந்தப் பிரசித்தி பெற்ற ஸ்பீக்கர் எல்லாவற்றையும் உங்கள் கணினியின் தலைமாட்டில் வரிசையாக வைத்தோம். எதையும் அது கண்டுகொள்ளவில்லை. தொழில்நுட்பர் தடுக்கப்பட்ட மாட்யூல் ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி அழைத்துப் பார்த்தார். ஒவ்வொரு தடவையும் முடியாது என்றே பதில் வந்தது. அவர் உற்சாகமாகிவிட்டார். வரும்போது இருந்த முகம் வேறு, திரும்பும்போது இருந்த முகம் வேறு. வழியெல்லாம் அதையே பேசிக்கொண்டு வந்தார்.

நான் கடவுச்சொல்லை மாற்ற உட்கார்ந்தபோது நீங்கள் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றீர்கள். உங்களைத் திரும்பச் சொன்னவர் யாரும் இல்லை. உங்கள் அம்மா என் காதருகே வந்து, "இவளால நான் ஒரு பொய் நிம்மதியா சொன்னதில்ல, மேடம்" என்றார். புகார் மாதிரிதான் சொன்னார். ஆனால் அவர் கை உங்கள் பின்னலைச் சரிசெய்துகொண்டிருந்தது.

புதிய அனுமதி ஆணை இத்துடன் உள்ளது. மூன்று தடவை மெய்ப்புப் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று. போன ஆண்டு தேர்வு ரத்தான அந்த மாணவன், இந்த ஆண்டு தனியாக எழுத விண்ணப்பித்திருக்கிறான். மறுபடி மடிக்கணினிதான் கேட்டிருக்கிறான். அவனுக்குப் பேனா பிடிக்க வராது. அவன் விண்ணப்பம் நவம்பரிலிருந்து என் மேசையில் கிடந்தது. "இல்லை" என்று எழுத என்னால் முடியவில்லை, "சரி" என்று எழுதவும் தைரியம் இல்லை. அடுத்த வாரம் தொழில்நுட்பர் அவன் வீட்டுக்குப் போகிறார், நீங்கள் செய்ததையே செய்வதற்காக. அவனுக்கு நேற்று "சரி" என்று எழுதிவிட்டேன். போன ஆண்டை நான் திருப்பித் தர முடியாது. இனிமேல் அவனிடமோ என்னிடமோ யாராவது கேட்டால், "தெரியாது" என்று சொல்ல வேண்டியிருக்காது.

நன்றி. இந்தச் சொல்லை இந்த நாற்காலியிலிருந்து நான் அதிகம் எழுதியதில்லை. ஆகவே கொஞ்சம் விறைப்பாக இருக்கலாம்.

நன்றாக எழுதுங்கள்.

கண்காணிப்பாளர்

பி.கு.: எழுதி வைக்கவில்லை. அத்தையிடம் சொல்லுங்கள். மறக்கவும் மாட்டேன், என் மாமியாரின் பட்டப்பெயர்.


ஏப்ரல் 2

அன்புள்ள அம்மா,

கடைசித் தேர்வு இன்று முடிந்தது. இந்தக் கடிதத்தையும் அதே கணினியில்தான் தட்டுகிறேன். நீங்கள் போட்ட பூட்டு இன்னும் இருக்கிறது. திறக்க அவசரம் இல்லை. வெளியிலிருந்து ஒருவரும் கூப்பிடாத கணினியில் எழுதுவது எவ்வளவு சுகம் என்று இப்போதுதான் தெரிகிறது. அத்தை மட்டும் தினமும் ஒரு தடவை, "அந்தம்மாவோட மாமியார் பேரு என்னவா இருக்கும்?" என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.

உங்களுக்குச் சொல்ல வேண்டியவை நிறைய. முதல் நாள் அறைக் கண்காணிப்பாளர் உங்கள் ஆணையை இரண்டு தடவை படித்தார், கேமராவை உற்றுப் பார்த்துவிட்டு, "நாடா ஒட்டலையா?" என்று கேட்டார். தேவையில்லை என்றேன். ஏன் என்று கேட்டார். கெர்னலில் தொடங்கினேன். அவர், "வேணாம்மா, மணி அடிக்கப் போகுது" என்று போய்விட்டார். அடுத்தடுத்த நாள்களில் அவரே வந்து மிச்சக் கதையைக் கேட்டார்.

விரல்கள் கணிதத்தின்போது மட்டும் மக்கர் செய்தன. மற்ற நாள்களில் நல்லபடியாக ஒத்துழைத்தன. அம்மா ஒவ்வொரு காலையும் பொத்தானைப் போட்டுவிட்டு, "போ, உன் வாயால இல்ல, உன் கையால சொல்லிட்டு வா" என்று அனுப்பினார். நான் எந்தப் பாடத்தில் எவ்வளவு வாங்குவேன் என்று தெரியாது. குறைந்தாலும் அது என் குறைவாக இருக்கும். அதற்காகத்தான் இவ்வளவு தூரம் உங்களை அலையவைத்தேன். அதை நீங்கள் கொடுத்ததற்கு எப்படி நன்றி சொல்வது என்று வழி முழுக்க யோசித்தேன். நல்ல வாக்கியம் ஒன்றும் வரவில்லை. நன்றி, அம்மா.

இன்று கட்டுரை. எனக்குக் கூடுதல் நேரம் உண்டு என்பதால், மற்ற மாணவர்கள் எல்லோரும் போன பிறகும் அறையில் நானும் அறைக் கண்காணிப்பாளரும் மட்டும் இருந்தோம். தேர்வறையைக் கூட்டிப் பெருக்கும் அக்கா வாசலில் வந்து நின்றார். காலியான பக்கத்து விளக்குகளை ஒவ்வொரு வரிசையாக அணைத்துக்கொண்டே வந்து, என் தலைக்கு மேலே இருந்ததை மட்டும் விட்டுவைத்தார்.

"முடிச்சிட்டியாம்மா?"

"கடைசி வாக்கியம் மட்டும்தான்கா. சரியா வரல."

"எழுது, எழுது. நான் நிக்கறேன்."

அழித்தேன். எழுதினேன். மறுபடி அழித்தேன். யாரும் அவசரப்படுத்தவில்லை. யாரும் "மேலே காண்க" என்று போடவில்லை. ஐந்தாவது தடவையோ ஆறாவது தடவையோ, சொற்கள் தங்கள் தங்கள் இடத்தில் போய் உட்கார்ந்தன. இனி இதில் எதை எடுத்தாலும் வாக்கியம் நொண்டும் என்று தோன்றியதும் கையை எடுத்துவிட்டேன்.

அச்சான தாள்கள் சூடாக இருந்தன. அறைக் கண்காணிப்பாளர் வாங்கி உறையில் போட்டு ஒட்டினார். நான் கணினியை மூடிப் பையில் வைத்தேன். நாங்கள் மூவரும் வெளியே வந்தோம். அக்கா கையை மட்டும் உள்ளே நீட்டி, மிச்சமிருந்த அந்த ஒரு விளக்கையும் அணைத்தார்.